எல்லையம்மன் உத்தரவு

"இன்னா ஆனாலும் சரி, அம்மனைக் கேக்காம நான் இந்த ஊட்டை வுட்டு ஒரு அடி எடுத்து வெக்க மாட்டேன்" என்றாள் சம்பூர்ணம்.

ராஜவேலு தலையில் கை வைத்துக்கொண்டான். கும்மிடிப்பூண்டியில் புதிதாக வந்திருந்த இரும்புக் கம்பெனியில் அவனுக்கு வேலை கிடைத்திருந்தது. திங்கட்கிழமை சேர வேண்டும். ஷிப்டு வேலை. பழவேற்காட்டிலிருந்து பஸ்ஸும் ரயிலும் மாறி நேரத்துக்குப் போய்ச் சேர முடியாது. அங்கேயே வாடகைக்கு ஓர் அறை பிடித்துக் குடியேறியாக வேண்டும்.

"அம்மன் இன்னா கம்பெனி மேனேஜரா? ஏரியில மீனு இல்ல. வலையை இழுத்தா பாசிதான் வருது. இதுக்கு மேல இன்னாத்தைக் கேக்கப் போற?"

"அம்மனைப் பத்திப் பேசாத. கன்னத்துல போட்டுக்கோ!"

போட்டுக்கொண்டான். கோபம் பெண்டாட்டி மேல்தான், அம்மன் மேல் இல்லை.

அந்தக் குப்பத்தில் எல்லையம்மன் உத்தரவில்லாமல் எதுவும் நடக்காது. பூசாரி அருணாச்சலம் வெள்ளை அரளியை ஒரு பொட்டலமாகவும் சிவப்பு அரளியை ஒரு பொட்டலமாகவும் இலையில் கட்டி அம்மன் காலடியில் வைப்பார். கேட்க வந்தவர் கண்ணை மூடி ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் செய்யலாம். சிவப்பு வந்தால் கூடாது.

பரசுராமன் தன் மாமியாரைக் கூட்டிவந்து வீட்டோடு வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டபோது சிவப்பு வந்தது. பெண்டாட்டி அழுதாள். அம்மன் சொன்ன பிறகு அவன் மட்டும் என்ன செய்வான்? கங்கம்மாள் கடனோ உடனோ வாங்கி ஓட்டு வீடு கட்டலாமா என்று கேட்டாள். வெள்ளை வந்தது. புருஷன் வாயைத் திறக்கவில்லை. கேட்டவர் மனசறிந்து சொல்லும் தெய்வம் என்று எல்லையம்மனுக்குச் சுற்று வட்டாரமெங்கும் பெயர்.

"சரிமே. வெள்ளை வந்தா மூட்டை கட்டுவியா?"

"கட்டுவேன். சேப்பு வந்தா நீ அந்தக் கம்பெனி பேச்சையே எடுக்கக் கூடாது."

"எடுக்க மாட்டேன்."

வெள்ளிக்கிழமை காலையில் இருவரும் குளித்து முழுகிக் கோயிலுக்குப் போனார்கள். குப்பத்தில் பாதிப் பேர் அங்கே கூடிவிட்டார்கள். சம்பூர்ணத்தின் அம்மா தாயாரம்மாள், மகள் ஊரைவிட்டுப் போய்விடுவாளோ என்று முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு நின்றாள்.

"எடு ராஜவேலு" என்றார் பூசாரி.

ராஜவேலு சும்மா ஒப்புக்குக் கண்ணை மூடினான். கைக்கு எட்டிய பொட்டலத்தை எடுத்து நீட்டினான். பூசாரி இலையைப் பிரித்தார்.

வெள்ளை.

"அம்மா உத்தரவு குடுத்துட்டா!" என்று கூட்டம் கத்தியது. தாயாரம்மாள் ஓவென்று அழுதாள். சம்பூர்ணம் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து கும்பிட்டாள். எழுந்தபோது அவள் முகத்தில் வாட்டமே இல்லை.

"பாத்தியாய்யா? அம்மனே சொல்லிட்டா. நான் போயி சாமானைக் கட்றேன்" என்று துள்ளாத குறையாக வீட்டுக்கு நடந்தாள்.

வேலை கிடைத்த ராஜவேலுதான் வலை அறுந்தவன் மாதிரி நின்றான். கூட்டம் கலையும்வரை பொறுத்திருந்துவிட்டு, பூசாரியைக் கோயிலுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனான்.

"இன்னா பூசாரி, இப்படிப் பேஜார் பண்ணிட்ட? நேத்து உன்னாண்ட வந்து இன்னா சொன்னேன்? அவ ஆத்தாளை வுட்டுட்டு வர மனசில்லாம அந்தாண்ட திரும்பிப் படுத்துகினு அழுவுறா, எனக்குத் தாங்கல, ரெண்டு பொட்டலத்துலயும் சேப்பே வெச்சுடுன்னு உன் காலைப் புடிச்சனா இல்லியா?"

"புடிச்சே நைனா, யாரு இல்லேன்னா? நீ அந்தாண்ட போனே, உன் பொஞ்சாதி இந்தாண்ட வந்துச்சு. எம் புருசன் கம்பெனிக்குன்னு புதுசா தெச்ச காக்கி பேண்ட்டை மாட்டிக்கினு, கதவைச் சாத்திக்கினு, ஊட்டுக்குள்ளயே நடந்து பாக்குது பூசாரி, அந்த ஆசையைக் கெடுக்க எனக்கு மனசு வரல, ரெண்டுலயும் வெள்ளையே வெச்சுடுன்னு அதுவும் என் காலைப் புடிச்சிச்சு."

கதவிடுக்கு வழியாகப் பார்த்திருக்கிறாள்! ராஜவேலுவுக்குக் காது மடல் சிவந்தது.

"அப்ப... அவ பேச்சைக் கேட்டு ரெண்டுலயும் வெள்ளையை வெச்சுட்டியா?"

"நான் யார் பேச்சைன்னு கேப்பேன்? ரெண்டு பேரும் காலைப் புடிச்சுட்டீங்க. ஒண்ணுல வெள்ளை, ஒண்ணுல சேப்பு கட்டி, நீயே பாத்துக்க தாயேன்னு வெச்சுட்டேன்."

பூசாரி சுற்றுமுற்றும் பார்த்தார்.

"நான் பூசாரியான நாள்லேர்ந்து இன்னிக்குத்தான் நைனா, அம்மன் தானா பதில் சொல்லியிருக்கா!"