மேலே ஒரு கோடு

"மறுபடியும் கட்டம் கட்டமாத்தான் தெரியுது, தங்கச்சி!"

போனில் அபேகே அக்காவின் குரல் கேட்டதும் அரினோலா கண்ணை மூடிக்கொண்டாள். அக்கா எழுதிய மின்னூலைச் சரிசெய்து அனுப்பியது ஏழு தடவை. அழுகையே வந்துவிடும் போலிருந்தது.

நைஜீரியாவின் இபாடான் நகரில் யொருபா மொழிப் புத்தகங்களை மின்னூலாக்குவது அவள் பிழைப்பு. யொருபாவில் எழுத்துக்குக் கீழே புள்ளி வரும், மேலே கோடு வரும். புதுப் போனில் ஒழுங்காகத் தெரிவதெல்லாம் பழைய போனிலும் பழைய ரீடரிலும் கட்டங்களாகிவிடும். இல்லையென்றால் கோடு இடம் மாறி வேறு எழுத்தின் தலையில் போய் உட்காரும்.

"புதுசு ஒண்ணு வாங்கிக்கக் கூடாதாக்கா?"

"நான் வாங்கிடுவேன். எங்க சந்தையில முந்நூறு பொம்பளைங்களும் வாங்குவாளுங்களா? ஓயோவிலேர்ந்து கிழங்கு கொண்டாந்து வித்த என் முப்பது வருஷக் கதைம்மா அது. நாளைக்குச் சங்கத்துல வெளியீடு. என் மானம் உன் கையில."

அரினோலா எழுத்துருவை நூலுக்குள்ளேயே பதித்தாள். மேசையில் கிடந்த நாலு பழைய கருவிகளிலும் பக்கம் பக்கமாகப் புரட்டினாள். கட்டங்கள் ஒருவழியாக ஒழிந்தன. சமர்ப்பணத்தில்தான் ஒரு கோடு உறுத்தியது.

'வெயிலிலும் மழையிலும் என்னைச் சுமந்து, நடுவழியில் ஒருநாளும் கைவிடாத என் ஒக்கோவுக்கு.'

ஒக்கோ என்றால் புருஷன். கடைசி எழுத்தின் மேல் கோடு விழுந்தால் வண்டி. நாலு கருவிகளிலும் கோடு விழுந்திருந்தது.

"பாழாப்போன கருவி, ஒரு மனுஷனை வேனாக்கிடுச்சே!" அவ்வளவு களைப்பிலும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. கோட்டை அழித்தாள். அனுப்பினாள். மேசையிலேயே தலைசாய்த்துத் தூங்கிப்போனாள்.

மறுநாள் சாயங்காலம் அக்கா கூப்பிட்டாள்.

"எல்லார் போன்லயும் சரியாத் தெரிஞ்சுதாக்கா?"

"பளிச்சுன்னு தெரிஞ்சுது. சமர்ப்பணத்தைப் படிச்சுட்டு அத்தனை பேரும் அழுதாளுங்க. ஊர் பூரா அதே பேச்சு."

"அப்புறம் ஏன்க்கா குரல் ஒரு மாதிரி இருக்கு?"

"நான் நன்றி சொன்னது என் வேனுக்குடி! பதினாறு வருஷம் முன்னாடி ஓடிப்போனவன், அதைப் படிச்சுட்டுப் பெட்டியோட வாசல்ல வந்து நிக்கிறான்!"