எண்ணிக்கை மணி

மழைக்காலத்துக்கு முன்பே விடுதலையாகிப் போன யோர்லெனி, கடைசித் தேர்வு எழுதச் சிறைக்கே திரும்பி வந்திருக்கிறாள். கைதிகளுக்கான உதவித்தொகையில் அஞ்சல்வழியில் படித்தவள். தேர்வு மையத்தை மாற்றினால் தொகை நின்றுவிடும். வாசலில் காவலர் மிரெயா அவள் பையைத் துழாவியபடி, "வெளிய போயும் எங்கள விடமாட்டியா நீ?" என்று சிரிக்கிறாள். சமையற்கட்டை ஒட்டிய அதே நீள மேசை. சன்னல் கம்பிகளின் நிழல் அதன்மேல் கோடு கோடாக விழுந்திருக்கிறது. சோற்றோடு கறுப்பு அவரை வதங்கும் வாசனை வருகிறது. தண்டனை இன்னும் முடியாத ஸீனியா, வெல்லத் தண்ணீர்க் குவளையை யோர்லெனி பக்கம் நகர்த்துகிறாள். உள்ளே ஒன்றாகப் படித்தபோது இருவருக்கும் சேர்த்து ஒரே புத்தகம்தான் வந்தது. நடுவில் கிழித்து, ஆளுக்கொரு பாதியாகத் தைத்துக்கொண்டார்கள். "பின்பாதி எங்கிட்டயே நின்னுபோச்சேடி, எப்படிப் படிச்ச?" என்கிறாள் ஸீனியா. "நீ சத்தம் போட்டு வாசிச்சது காதுலயே இருக்கு. வெளியதான் ஒரு எழுத்து ஏறல. வீடு அவ்வளவு அமைதி." வினாத்தாள் வருவதற்குள் எண்ணிக்கை மணி அடிக்கிறது. பெஞ்சுகள் கிறீச்சிட, எல்லோரும் எழுந்து கைகளைப் பின்னால் கட்டிக்கொள்கிறார்கள். யோர்லெனியும்தான். விரல் நீட்டி எண்ணிக்கொண்டே வரும் மிரெயா அவளிடம் வந்ததும் தயங்குகிறாள். "உக்காரும்மா. நீ இப்ப என் கணக்குல இல்ல." யாரோ களுக்கென்று சிரிக்கிறார்கள். யோர்லெனி உட்காருகிறாள். அத்தனை பேரும் நிற்க, அவள் ஒருத்தி மட்டும் உட்கார்ந்திருக்கிறாள். மேசைக்கடியில் அவள் கால்கள் இன்னும் எழுந்து நிற்கவே பார்க்கின்றன.