ஒடித்துக் காட்டியது

2017 பிப்ரவரி 12 அன்று கோவைக் கல்லூரி மைதானம் ஒன்றில் மாதிரி விமானப் போட்டி நடந்தது. பறந்தால்தான் பரிசு. மெர்சியின் விமானத்தில் இருந்தது மரப் புரொப்பல்லர். தேக்கு, ஈட்டி மரத் தகடுகளை மாறி மாறி அடுக்கி ஒட்டிச் செதுக்கியது என்றாள்.

நடுவர் சின்னராசு அதை நகத்தால் சுரண்டினார்.

"கோடு இத்தன சுத்தமா வருமுங்களா அம்மணி? போன வருசம் ஒருத்தரு பிளாஸ்டிக்குல பெயிண்ட் அடிச்சு மரம்னு ஏமாத்துனாரு."

"இது மரந்தானுங்க."

"உள்ள பாத்தாத்தான் தெரியும்."

மெர்சி அதைக் கழற்றி மேசை விளிம்பில் வைத்து ஒடித்தாள். முறிவில் கருப்பும் பழுப்புமாக அடுக்குகள் தெரிந்தன.

சின்னராசு செய்நேர்த்திக்கு முழு மதிப்பெண் போட்டார்.

"வேற ஒண்ணு வச்சிருக்கீங்களா?"

"இருந்தா அதையும் ஒடிக்கச் சொல்லுவீங்களே."

மற்ற விமானங்கள் பறந்தன. பரிசை வேறொருவர் வாங்கினார்.