ஏழாவது கிளாஸ்

"மூணாவது கிளாஸ்... உலர்ந்த அத்திப்பழ வாசம். பின்னாடி லேசா மிளகு. பதினேழு. ஆமா, பதினேழு."

பக்கத்து நாற்காலியில் ரேடியோ ஆரம்பித்துவிட்டார்.

அவருக்கு அந்தப் பெயர் நாங்கள் வைத்ததுதான். எங்கள் ஒயின் கம்பெனியில் ருசி பார்க்கும் அறைக்குள் யாரும் பேசக் கூடாது. கதவிலேயே எழுதி ஒட்டியிருக்கிறது. அவரவர் முகர்ந்து, அவரவர் வாயில் வைத்துத் துப்பி, அவரவர் இருபதுக்கு மார்க் போட வேண்டும். இந்த மனுஷன் வாய் மட்டும் நிற்கவே நிற்காது. போதாக்குறைக்கு எல்லாவற்றையும் இரண்டு தடவை சொல்லுவார்.

"சார், கொஞ்சம் வாயை மூடறீங்களா?" எதிர்வரிசையில் ஒருவர் பல்லைக் கடித்தார்.

"மன்னிச்சுக்கங்க... நாலு. அய்யய்யோ, நனைஞ்ச அட்டைப்பெட்டி நாத்தம். கார்க் கெட்டுப் போச்சு. சைபர். சைபரேதான்."

நான் தலை நிமிராமல் நாலாவது கட்டத்தில் சைபர் போட்டேன்.

அன்றைக்கு வந்திருந்தது லேசுப்பட்ட சரக்கில்லை. முப்பது வருஷத்துக்கு முன்னால் ஒரே ஆண்டில் பறித்த திராட்சையில் பன்னிரண்டு பேர் செய்த போர்ட் என்கிற இனிப்பு ஒயின். அந்த வருஷத்தில் எது உசத்தி என்று நாங்கள் ஏழு பேர் சொல்ல வேண்டும். பாட்டிலுக்குத் துணி சுற்றி நம்பர் ஒட்டியிருந்தார்கள். காலையில் ஆறு, இடைவேளைக்குப் பிறகு ஆறு.

எனக்கு எல்லாம் ஒன்றுதான். தொண்டையைச் சுடுகிற சர்க்கரைத் தண்ணீர்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் வந்த ஒரு காய்ச்சல் என் மூக்கை வாங்கிக்கொண்டு போனது, திருப்பித் தரவே இல்லை. வீட்டில்கூடச் சொல்லவில்லை. ஒருநாள் பால் தீய்ந்து கருகும்போது அடுப்புக்குப் பக்கத்திலேயே பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். "மூக்கைக் கழட்டி எங்க வச்சீங்க?" என்று மனைவி கத்தினாள். சிரித்துச் சமாளித்தேன்.

இந்த வேலையை விட்டால் எனக்கு ஒரு மண்ணும் தெரியாது. பெண்கள் இரண்டு பேரும் படித்துக்கொண்டிருக்கிறார்கள். விஷயம் வெளியே தெரிந்த மறுநாள் நான் தெருவில்தான்.

ரேடியோ புண்ணியத்தில் வண்டி ஓடிக்கொண்டிருந்தது. அவர் பாட்டுக்கு உளறுவார். நான் காதைத் தீட்டிக்கொண்டு எழுதுவேன். பாவம், பக்கத்தில் ஒருத்தன் களவாடுவது அந்த ஆளுக்குத் தெரியாது.

இடைவேளையில் மேனேஜர் கூப்பிட்டார். மேஜையில் ஒரு காகிதம். ரேடியோமேல் புகார். மற்ற ஐந்து பேரும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள்.

"பக்கத்து ஸீட்டுக்காரர் நீங்க. நீங்க சொல்றதுதான் செல்லும்."

"பாவம் சார், வயசானவர்..."

"பாவம் பாக்கற விஷயமா இது? உங்க மார்க்கும் அவர் மார்க்கும் மூணு வருஷமா ஒட்டிப் பிறந்த மாதிரி இருக்கு. யாரைக் கேட்டு யார் எழுதறாங்கன்னு மேலிடத்துல கேக்கறாங்க."

பேனாவை எடுத்துவிட்டேன். கையெழுத்தைப் போட்டுத் தொலைத்ததோடு நிறுத்தியிருக்கலாம். என் வாய் சும்மா இருக்கவில்லை.

"நிம்மதியா ஒரு கிளாஸ் முகர விடமாட்டேங்கறார் சார்."

மேனேஜர் அங்கேயே ரேடியோவைக் கூப்பிட்டுக் காகிதத்தை நீட்டினார். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். கடைசிக் கையெழுத்தில் விரல் நின்றது. என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"என்ன சார் சொல்றீங்க?" என்றார் மேனேஜர்.

"என் தப்புதான். வாயை அடக்க முடியலை."

"இவர் மார்க்கு?"

"அவருக்கு ஒண்ணும் தெரியாதுங்க. அவர் போடற மார்க் அவரோடது."

ஆணியில் மாட்டியிருந்த கோட்டை எடுத்துக்கொண்டு, சொல்லாமல் கொள்ளாமல் படி இறங்கிப் போனார். இனி வர வேண்டாம் என்று மேனேஜர் சொன்னது முதுகுக்குத்தான் கேட்டிருக்கும். தப்பித்தேன்டா சாமி என்று எனக்கு மூச்சு வந்தது. அதை நினைத்தால் இப்போதும் என்னைச் செருப்பால் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

இரண்டாவது சுற்றுக்கு மணி அடித்தார்கள். ஏழாவது கிளாஸ் முன்னால் வந்தது. தூக்கினேன், சுழற்றினேன், மூக்கை உள்ளே விட்டு இழுத்தேன். ஒன்றும் இல்லை. அறையில் சுவர்க் கடிகாரம் மட்டும் கேட்டது. மற்றவர்கள் கிடுகிடுவென்று எழுதிக்கொண்டிருந்தார்கள். என் பேனா கட்டத்தின்மேல் அப்படியே நின்றது. மேனேஜர் நாற்காலியைத் திருப்பிப் போட்டு என்னையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

ஒயின் ஊற்றும் அக்கா எட்டாவதோடு வந்தாள். காலி நாற்காலியைப் பார்த்தாள்.

"போயிட்டாராமே சார்?" என்று கிசுகிசுத்தாள்.

"என்ன பண்றதுக்கா. வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருக்க முடியலை அவருக்கு."

"அவருக்கா? இருபது வருஷமா இந்த ரூம்ல ஊத்தறேன் சார். மூணு வருஷம் முன்னாடி வரைக்கும் அவர் ஓரத்துல இருக்கறதே யாருக்கும் தெரியாது, வாயைத் திறந்து நான் பார்த்ததே இல்லை. காய்ச்சல் முடிஞ்சு நீங்க திரும்பி வந்தீங்களே, அன்னிக்குத்தான் அந்த ஓரத்து நாற்காலியை விட்டுட்டு உங்க பக்கத்துல வந்து உக்காந்து பேச ஆரம்பிச்சார்."