ஊதாக் கல்

"முட்டியப் பேத்துகினு சுரங்கத்துல எறங்கனது நீங்க. கட்டுரையில பேரு மட்டும் இந்த பாயோடதா?" கணவனின் பட்டணத்துச் சிநேகிதன் ஃபக்ருதீனுக்கு முன்னால் காபி டம்ளரை ணங்கென்று வைத்தாள் குப்பம்மாள்.

அவள் கணவன் வேடியப்பன் அசைந்து கொடுக்கவில்லை. திருத்தணிப் பள்ளியில் ரசாயன வாத்தியார். மலைக்கு அப்பால் இருந்த பழைய செம்புச் சுரங்கத்தில் ஊதாக் கல் ஒன்றைக் கண்டெடுத்து, அது உலகம் அறியாத கனிமம் என்று நிரூபிக்க யுத்த காலம் முழுக்க மல்லாடியவன்.

"இந்தக் கல்லப் பத்தின கட்டுரைய ஃபக்ருதீன்தான் எழுதணும். எழுதனவன்னு என் பேரு வரவே கூடாது."

"இவ்ளோ ஏமாளின்னு கட்டி வெக்கறப்ப எங்க நைனா சொல்லவே இல்லியே."

ஃபக்ருதீன் பேனாவை மூடினான். "எனக்கே வெக்கமா கீதுடா. உன் கல்லு, நீயே எழுது."

"எழுதறவன் தன் பேரையே கல்லுக்கு வெச்சிக்கறது வழக்கமில்ல, தெரியும் இல்ல?" வேடியப்பன் காகிதத்தை அவன் பக்கம் நகர்த்தினான். "கட்டுரைய நாலு பேரு படிச்சிட்டு மறந்துடுவான். கல்லுக்கு வெச்ச பேரு அழியாது. நீ எழுது. என் பேரோட, கனிமத்துக்கு வெக்கற 'ஐட்' சேத்து வை. வேடியப்பனைட்."

குப்பம்மாள் ஃபக்ருதீனின் டம்ளரில் இன்னும் கொஞ்சம் காபி ஊற்றினாள். ஃபக்ருதீன் மெதுவாகப் பேனாவைத் திறந்தான்.

"எழுதறேன். நாளைக்கே அந்தச் சுரங்கத்துல நான் எறங்கறேன். அடுத்த கல்லுக்கு நீதான் எழுதணும்."