எங்களுக்கு மட்டும் ஒரு சுற்றுலா

தெருச் சங்கச் செயலாளர் என் மகன்தான். அவனே என்னைக் கைத்தாங்கலாக வேனில் ஏற்றினான். "கடற்கரையில நல்லா காத்து வாங்கிட்டு, இருட்டினப்புறம் வாம்மா."

எனக்கு ஆஸ்துமா. பக்கத்தில் டயாலிசிஸ் செய்துகொள்ளும் தையல்காரர். பின்னால் பக்கவாதம் வந்த வாத்தியார்.

"முடியாதவங்களை யாரு வெளிய கூட்டிட்டுப் போறா? பெத்தா இப்படிப் பிள்ளையைப் பெக்கணும்," என்று தையல்காரர் கண்கலங்கினார். எனக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை.

மழை தூறவே சீக்கிரம் திரும்பினோம். தெருமுனையில் பந்தல், கூட்டம். மைக்கில் சுகாதார அதிகாரி முழங்கிக்கொண்டிருந்தார்: "இன்னிக்கு வீடு வீடாக் கணக்கெடுத்தாச்சு. ஒரு நோயாளிகூட இல்லாத தெரு இதுதான்! முதல் பரிசு!"

கேடயத்தோடு நின்ற மகன் ஜன்னலில் என்னைப் பார்த்துவிட்டான். மூச்சிரைக்க ஓடிவந்து டிரைவரிடம் கிசுகிசுத்தான்.

"அதிகாரிங்க இன்னும் கிளம்பலைண்ணே. வண்டியைத் திருப்புங்க!"