பலகைக்கு அந்தப் பக்கம்

தாண்டி மணல் குழியில் விழுந்ததும் இடுப்பு வரை அதிர்ந்தது.

அவள் உடனே எழவில்லை. உட்கார்ந்தபடியே மணலுக்குள் கையை விட்டாள். நான்கு விரல் ஆழத்துக்கு மேல் இறங்கவில்லை. மேலே இருந்தது இன்று காலை கொத்திவிட்ட மணல். அடியில் தரை இறுகிக் கிடந்தது.

"மணலு மாவு மாதிரி இருக்கும் ட்டி. கண்ண மூடிக்கிட்டு வந்து சேரு."

போனில் இப்படித்தான் சொன்னாள், இந்தக் கல்லூரியில் படிக்கும் இசக்கியக்கா. ஒரு தடவை இல்லை. மே மாதம் முழுக்க.

நிமிர்ந்து பார்த்தாள்.

தூரத்தில், குதிக்கும் பலகைக்குப் பக்கத்தில், இசக்கியக்கா நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். மடியில் வெள்ளைக் கொடியும் சிவப்புக் கொடியும். இடது காலை மடக்காமல் நீட்டி வைத்திருந்தாள்.

வெயிலைப் பார்த்தாள். மரத்தைப் பார்த்தாள். இவளை மட்டும் பார்க்கவில்லை.

படிக்கட்டின் நிழலில் அம்மா. கையில் ஒரிஜினல் சர்டிபிகேட் ஃபைல்.

விளையாட்டுக் கோட்டாவில் தேர்வானால் இன்றே அதைக் கொடுத்துவிட வேண்டும். கொடுத்தால் மூன்று வருஷம் இந்தக் கல்லூரி பீரோவில் இருக்கும். நடுவில் பிடிக்கவில்லை என்று வேறு எங்கும் போக முடியாது.

திருச்சியிலிருந்தும் ஒரு கல்லூரி கூப்பிட்டது. போன வாரம்தான் வேண்டாம் என்று சொன்னாள். இசக்கியக்கா சொன்னால் அவளுக்கு வேதவாக்கு.

காரணம் இருந்தது.

பள்ளியில் இருவரும் ஒரே குழியில் டிரிபிள் ஜம்ப் பழகியவர்கள். ஒருத்தி ஓடினால் மற்றவள் பலகையருகே கொடி பிடிப்பாள். மற்ற பிள்ளைகள் சிநேகிதி என்றால் கண்டும் காணாமல் வெள்ளையைத் தூக்கிவிடுவார்கள். இசக்கியக்கா அப்படி இல்லை. பலகையை நகக்கண் அளவு தாண்டினாலும் சிவப்புதான். மாவட்டப் போட்டிக்கு முந்தின நாள் பதினோரு சிவப்பு காட்டினாள். இவள் கோபத்தில் சோறு தின்னவில்லை.

மறுநாள் தங்கப் பதக்கம் வாங்கினாள்.

அந்தச் சிவப்புக் கொடியை நம்பித்தான் கோயம்புத்தூருக்கு பஸ் ஏறியது.

விளையாட்டுத் துறை மேடம் அளவு டேப்பைச் சுருட்டிக்கொண்டு வந்தார்.

"பதினொண்ணு இருபது மீட்டர். பதினொண்ணரை தாண்டீட்டா இன்னைக்கே அட்மிஷன். இன்னொரு சான்ஸ் இருக்குது கண்ணு." பலகைப் பக்கம் கையைக் காட்டிச் சிரித்தார். "அவளுக்கு மூட்டு போயிருச்சு. இனிக் குதிக்க முடியாது. பதிலுக்கு ஒரு ஆளக் கூட்டிட்டு வந்தா ஹாஸ்டல்ல இரு, இல்லைன்னா காலி பண்ணுன்னேன். பரவால்ல, நல்ல புள்ளையாத்தான் கூட்டிட்டு வந்திருக்கறா."

பாராட்டாகத்தான் சொன்னார். அதை மறைக்க வேண்டும் என்றே அவருக்குத் தோன்றவில்லை.

பொங்கலுக்கு ஊருக்கு வந்தபோது காலில் கட்டு இருந்தது. லேசான சுளுக்கு என்றாள் இசக்கியக்கா. இவள் தைலம் தேய்த்துவிட்டாள். கட்டின் மேலேயே தேய்த்ததற்கு இருவரும் சிரித்தார்கள்.

இதே குழியில்தான் அந்த மூட்டு போயிருக்கிறது.

தெரிந்தே கூப்பிட்டிருக்கிறாள்.

கழுத்தை அறுப்பது என்பார்கள். சிரிக்கச் சிரிக்கப் பேசியே அறுக்க முடியும் என்று அவளுக்கு இன்றுதான் தெரிந்தது. அழுகை வரப் பார்த்தது. மேடம் இருந்ததால் வரவில்லை.

சேரவில்லை என்று சொல்லலாம். ஏன் என்று அம்மா கேட்பாள். இசக்கியக்காவின் அம்மாவும் அதே தெரு. இரண்டு வீட்டுக்கும் சண்டை வரும்.

வேண்டுமென்றே குறைவாகத் தாண்ட அவளுக்கு வராது. ஓட ஆரம்பித்துவிட்டால் கால் சொன்ன பேச்சு கேட்காது.

பலகையைத் தாண்டி மிதித்து ஃபவுல் ஆனால் யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். அட, போச்சே என்பார்கள். டீ குடித்துவிட்டு பஸ் ஏறலாம். அவமானம் யாருக்கும் இல்லை. இந்த நேரத்திலும் இசக்கியக்காவுக்காகவும் சேர்த்துத்தான் யோசிக்கிறோம் என்பது இன்னும் எரிச்சலாக இருந்தது.

ஓட்டம் தொடங்கும் இடத்துக்கு நடந்தாள். பாதத்தால் அடி அடியாக அளந்து, அடையாளத்துக்கு வைத்த செங்கல் துண்டு அங்கே கிடந்தது.

அதை ஒரு அடி முன்னால் நகர்த்தினாள்.

இசக்கியக்கா அதைப் பார்த்தாள். ஒரு அடி நகர்ந்தால் கால் எங்கே போய் விழும் என்று அவளுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

ஓடினாள்.

கோபத்தில் கால் லேசாக இருந்தது.

பலகையைத் தாண்டி விழுந்தது பாதம். நகக்கண் அளவு இல்லை, பாதி ஷூ. ஸ்பைக் ஆணிகள் அந்தப் பக்கத்து ஈர மண்ணில் பதிந்ததை அவள் உள்ளங்காலிலேயே உணர்ந்தாள். ஒன்று. இரண்டு. மூன்றாவதில் காற்றில் வெகுநேரம் இருந்த மாதிரி இருந்தது.

குழி மறுபடியும் இடித்தது.

பரவாயில்லை. முடிந்தது.

சிவப்பைப் பார்க்கத் திரும்பினாள்.

இசக்கியக்கா நாற்காலியைப் பிடித்து எழுந்துகொண்டிருந்தாள். மேடம் மணலில் குனிந்து குதிகால் தடத்தைத் தேடிக்கொண்டிருந்தார். பலகைப் பக்கம் வேறு யாரும் இல்லை.

மடங்காத அந்தக் காலைப் பலகைக்கு அந்தப் பக்கம், ஆணித் தடங்களின் மேல் வைத்தாள். மெதுவாக ஒரு தேய். இன்னொரு தேய்.

பிறகு வெள்ளைக் கொடியைத் தூக்கினாள்.

"பதினொண்ணு அறுபத்தெட்டு," என்றார் மேடம்.

இவள் வாழ்நாளில் அவ்வளவு தூரம் தாண்டியதில்லை.

படிக்கட்டில் அம்மா கைதட்டினாள். ஃபைலை எடுத்துக்கொண்டு இறங்கத் தொடங்கினாள்.

காலையிலிருந்து இப்போதுதான் இசக்கியக்கா இவள் முகத்தைப் பார்த்தாள்.

கொடியை இறக்கவில்லை.